பிரம்மா குஞ்சு வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்

இப்பல்லாம் எங்க பக்கத்துச் சந்தைகள்ல நாட்டுக்கோழிக் கூடைகளுக்கு நடுவுல ஃபேன்சி கோழிக் குஞ்சுகளும் வருது. பிரம்மா, கொச்சின், சில்க்கி. கால் விரல் வரைக்கும் இறகு இருக்கும். ஊர்ப் பசங்க 'பேண்ட் போட்ட கோழி'ன்னு சொல்லுவாங்க. டவுன்ல இருந்து கார்ல வர்றவங்க குழந்தை கேக்குதுன்னு ரெண்டு, நாலுன்னு அட்டைப்பெட்டியில வாங்கிட்டுப் போறாங்க. அதுல எத்தனை குஞ்சு பெருசாகுதுன்னு நினைச்சாத்தான் மனசு கஷ்டமா இருக்கு.

பேரைப் பார்த்து இதெல்லாம் நம்ம ஊர்க் கோழின்னு நினைச்சுடாதீங்க. பிரம்மாங்கிற பேரு பிரம்மபுத்திரா நதியில இருந்து வந்தது. ஆனா கோழி வந்த வழி வேற. 1840, 50-கள்ல சீனாவோட ஷாங்காய் துறைமுகத்துல இருந்து அமெரிக்காவுக்குப் போன பெரிய கோழிகள்தான் இதுக்கு மூலம். அமெரிக்கக் கோழி வியாபாரி ஒருத்தர் 1852-ல விக்டோரியா மகாராணிக்கே இதுல சிலதை அனுப்பி வச்சார். அதுக்கப்புறம் இங்கிலாந்துல இதுக்கு மவுசு எகிறிடுச்சு. கொச்சினும் சீனக் கோழிதான், நம்ம கொச்சிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. உடம்பு நிறைய இறகு இருக்கறதால குளிரை நல்லாத் தாங்கும். நம்ம சித்திரை வெயில்தான் அதுக்கு எமன். மொட்டை மாடியில தகரக் கூண்டு வச்சு வளர்க்கலாம்னு நினைக்கிறவங்க முதல்ல இதை யோசிக்கணும்.

குஞ்சா இருக்கறப்போ நிலைமை தலைகீழ். அப்போ அதுக்குச் சூடு வேணும். முதல் வாரம் சுமார் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைச்சுக்கிட்டே வரலாம். தாய்க்கோழி இருந்தா றெக்கைக்குள்ள வச்சுக்கும். இல்லைன்னா பெட்டிக்கு மேல குண்டு பல்பு கட்டணும். எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. தெர்மாமீட்டர் இல்லைன்னாலும் பரவாயில்லைங்க, குஞ்சுகளே சொல்லிடும். பல்புக்கடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கத்தினா குளிருது. ஓரத்துல ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினா சூடு அதிகம். பரவலா மேஞ்சுக்கிட்டு மெதுவா கீச்கீச்சுன்னா சரியா இருக்கு. தண்ணித் தட்டுல நாலு கூழாங்கல்லைப் போட்டு வைங்க, இல்லைன்னா குஞ்சு உள்ளே விழுந்து நனைஞ்சே செத்துடும். முதல் வாரத்துல வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து போடறதையும் தள்ளிப் போடாதீங்க.

இப்போ பழக்கற விஷயத்துக்கு வரேன். கோழியைப் பழக்கறதுன்னா கொஞ்சறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நான் அப்படி நினைக்கலை. கால் இறகுக் கோழிக்கு அது மருத்துவம் மாதிரி. நாட்டுக்கோழி சேத்துல நடந்தா கால் தானா காஞ்சுடும். இதுக்கு இறகுல சேறும் எச்சமும் ஒட்டி, காஞ்சு, விரல்ல உருண்டை உருண்டையா இறுகிடும். செதில் கால் பூச்சி உள்ளே குடியேறினாலும் இறகு மறைச்சுடும், வெளியே தெரியாது. அதனால வாரத்துக்கு ஒரு தடவையாவது கையில எடுத்து, இறகை விலக்கி, காலைப் பார்த்தே ஆகணும். அழுக்கு இருந்தா வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சு எடுக்கணும். பிச்சு இழுத்தா புது இறகுல ரத்தம் வரும், ரத்தத்தைப் பார்த்தா மத்த கோழிங்க அங்கேயே கொத்தும். பழகாத கோழியா இருந்தா இந்த வேலைக்காக வாரா வாரம் துரத்திப் பிடிக்கணும். அது கோழிக்கும் சித்திரவதை, நமக்கும் சித்திரவதை.

பழக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லைங்க. மேல இருந்து கையை விடாதீங்க. மேல இருந்து வர்றது எதுவா இருந்தாலும் குஞ்சுக்கு அது பருந்துதான். பக்கவாட்டுல, தரையோட தரையா கையை நீட்டுங்க. உள்ளங்கையில கொஞ்சம் குருணையோ கம்போ வச்சுட்டு அசையாம உக்காருங்க. கிராமத்துல நாங்க பழம்பானையில சாணியும் வைக்கோலும் அடைச்சுக் கவுத்து வச்சு, காலையில கரையான் எடுத்துப் போடுவோம். அதுக்கு மயங்காத குஞ்சு கிடையாது. தீனி வைக்கறப்போ எப்பவும் ஒரே மாதிரி 'பா பா'ன்னு கூப்பிடுங்க. முதல் ரெண்டு வாரம் தினமும் பத்து நிமிஷம் ஒதுக்கினா போதும், பெருசானதும் குரல் கேட்டு ஓடி வரும். குழந்தைங்க கையில குடுக்கறதா இருந்தா தரையில உக்கார வச்சுக் குடுங்க. எழுந்து நின்னு தூக்கித் தவற விட்டா கால் போயிடும். தொட்டப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவணும்.

'பழக்கினா நாய்க்கும் கீரிக்கும் பயப்படாமப் போயிடுமே'ன்னு எங்க ஊர்ப் பெரியவங்க கேப்பாங்க. நியாயமான கேள்விதான். பிரம்மாவும் கொச்சினும் உடம்புக் கனத்தால மரத்துல ஏறித் தப்பிக்கவும் முடியாது, சில்க்கிக்குப் பறக்கவே வராது. அதனால ராத்திரி அடைக்க நல்ல கூண்டு இல்லாதவங்க இந்த இனத்தையே தொடக் கூடாதுங்கறது என் கருத்து.

இன்னொண்ணை வியாபாரிங்க சொல்லவே மாட்டாங்க. நாலு குஞ்சு வாங்கினா ரெண்டு சேவலா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒரு நாள் குஞ்சுல அதை நம்மால கண்டுபிடிக்க முடியாது. ரெண்டு, மூணு மாசத்துல கொண்டை சிவந்து, அப்புறம் விடியறதுக்கு முன்னாடியே கூவ ஆரம்பிக்கும். கையிலேயே வளர்ந்த சேவல் சிலது மனுஷனையும் தன் ஜோடிச் சேவலா நினைச்சுப் பாய வரும். அபார்ட்மெண்ட்ல பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அறுக்கவும் மனசு வராது, ஏன்னா குழந்தை அதுக்குப் பேர் வச்சிருக்கும். கடைசியில கோயில் பக்கமோ ஏரிக்கரையிலோ விட்டுட்டுப் போறாங்க. மனுஷனை நம்பப் பழகின கோழி அங்கே ஒரு ராத்திரி கூடத் தாங்காது. பழக்கி நம்ப வச்சுட்டு அப்படிக் கைவிடறதுக்கு, பழக்காமலே இருந்திருக்கலாம்.

அதனால வளர்க்க வேண்டாம்னு சொல்லலை. தரை ஈரமில்லாத இடம், வெயிலுக்கு நிழல், ராத்திரிக்குக் கூண்டு, வாரம் ஒரு நாள் கால் பார்க்கற பொறுமை, இதெல்லாம் இருந்தா இதை விடச் சாதுவான கோழி கிடைக்காது. ஆனா சேவல் வந்தா என்ன பண்ணப் போறோம்னு வீட்ல எல்லாரும் உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க. அதுக்கப்புறம் சந்தைக்கு வாங்க.