விரல்கள் பேசட்டும்

வீணையின் தந்தியை மீட்டினால் ஒரு சுரம். மீட்டிய தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் கமகம். ஆனால், கணினியின் விசையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் தோன்றுவது அதே எழுத்துத்தான். விரலின் நுட்பம் அங்கே வீணாகிறது.

1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் ஒரு கணினியை இயக்கிக் காட்டினார். அவரது வலக்கையில் சுட்டி. இடக்கையில் ஐந்தே விசைகள் கொண்ட சிறு பலகை. அவற்றைத் தனித்தும் சேர்த்தும் அழுத்தினால் 31 குறிகள் பிறக்கும். உலகம் சுட்டியை ஏற்றது. பழகக் கடினமான பலகையைக் கைவிட்டது. எளிமை வென்றது, இடக்கையின் ஆற்றல் தோற்றது.

விசையைத் தட்டும் வேகத்தை உணரும் மின்னணு இசைப்பலகையும், அழுத்தத்திற்கேற்பக் கோட்டைத் தடிப்பாக்கும் எண்ணிமப் பேனாவும் இன்று உள்ளன. எனினும், அவை பெரும்பாலும் கலைஞர்களின் மேசையோடு நின்றுவிட்டன. புதிய கருவியைப் பழகச் சில நாள் ஆகும் என்பது உண்மையே. மிதிவண்டியையும் விழுந்தெழுந்துதானே கற்றோம்? கற்க எளிதாயிருப்பது மட்டும் கருவிக்குச் சிறப்பன்று. கற்கக் கற்கக் கைக்கு வளம் சேர்ப்பதே சிறப்பு.

நாளைய கணினியை வடிவமைக்கப்போகும் மாணவர்களே! கருவிக்கேற்பக் கையைக் குறுக்காதீர்கள். கைக்கேற்பக் கருவியை வளர்த்தெடுங்கள்.