பல்லுக் கொழுக்கட்டையும் முதற் புகையிரதப் பயணமும்

மழலையின் முதற் பல்லைக் கண்டுகொள்ளும் மகிழ்ச்சி தனியானதொன்று. பெரும்பாலும் பாலூட்டும் தாயே அதனை முதலில் அறிவாள், கண்ணாலன்று, கடியால்! அன்று மாலைக்குள் செய்தி அம்மம்மா வீட்டுக்கும் அப்பம்மா வீட்டுக்கும் எட்டிவிடும். "எப்போது கொழுக்கட்டை அவிப்பது?" என்பதே இரு வீட்டாரும் கேட்கும் அடுத்த கேள்வி.

யாழ்ப்பாணத்துப் பல்லுக் கொழுக்கட்டையை அறியாத நேயர் நம்மிடையே மிகச் சிலரே. அரிசிமாவைக் கொதிநீர் விட்டுக் குழைத்து, பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் கலந்த உள்ளீட்டை வைத்துப் பிறை வடிவாக மடித்து, ஓரத்தைப் பல்லுப் பல்லாகக் கிள்ளி அவிப்பர். சில வீடுகளில் தேங்காய்ச் சொட்டுக்களைப் பல்வரிசை போலப் பதிப்பதும் உண்டு. பிள்ளையைப் பாயில் இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத் துணியைப் பிடித்து, சின்னஞ்சிறு கொழுக்கட்டைகளை மெல்லச் சொரிவர். பின்னர் புத்தகம், பேனா, பணம், நகை எனப் பலவற்றைத் தட்டிற் பரப்பி, பிள்ளை எதனை எடுக்கின்றது என்று எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்ப்பர். பேனாவை எடுத்தால் படிப்பாளி, பணத்தை எடுத்தால் வியாபாரி! உண்மையில், பிள்ளை தன் கைக்கு அண்மையிலுள்ளதையும் பளபளப்பானதையுமே எடுக்கும். இதனை நன்கறிந்து, ஒருவரும் காணாதவாறு பேனாவைப் பிள்ளைப் பக்கமாகத் தள்ளிவைக்கும் அப்பப்பாக்களை யாம் கண்டிருக்கின்றோம்.

இக்காலத்தில் அந்தப் பாயைச் சுற்றி நிற்போர் தொகை குறைந்துவிட்டது. கொழுக்கட்டை சொரிய வேண்டிய மாமன் ரொறன்ரோவில் இருப்பார். இங்கே காலை பத்து மணியெனில் அங்கே நள்ளிரவை அண்டிய நேரமாக இருக்கும். உறக்கத்தை விட்டெழுந்து கைத்தொலைபேசியின் சிறு கண்ணாடிக்குள்ளிருந்து அவர் வாழ்த்துவார். பிள்ளையோ அவர் முகத்தைத் தட்டிலுள்ள பொருள்களுள் ஒன்றாகக் கருதி, அதனையே எட்டிப் பிடிக்க முயலும். சிரிப்புக்கிடமான காட்சிதான்; எனினும் அம்மம்மா தன் சேலைத் தலைப்பால் கண்களைத் துடைத்துக்கொள்வதும் அந்நேரத்திலேதான்.

இச்சடங்கிலே தாய்மார் மறத்தலாகாத ஒன்றுண்டு. சில வீடுகளில் இப்போது கொழுக்கட்டையுடன் நாணயங்களையும் இனிப்புக்களையும் சேர்த்துச் சொரிகின்றனர். ஆறேழு மாதப் பிள்ளை கையில் அகப்படுவதையெல்லாம் வாய்க்குக் கொண்டுபோகும். நாணயமோ, தேங்காய்ச் சொட்டோ, முழுக் கச்சானோ மூச்சுக்குழலில் அடைத்துக்கொண்டால் கொண்டாட்டம் ஒரு கணத்தில் அழுகையாய் மாறும். ஆகவே அவற்றைச் சொரியாது விடுதலே நன்று. கொழுக்கட்டைகளையும் பாயை உதறிப் பொறுக்கிய பின்னரே பிள்ளையைத் தவழ விடுக. தட்டிலே கத்தி வைக்கும் வழக்கமுள்ள வீட்டார் அதற்குப் பதிலாக ஓர் அகப்பையை வைக்கலாம்; சமையற்கலையும் நல்ல தொழில்தானே!

இனி, தாய்மாரின் உறக்கத்தைக் கெடுக்கும் வேறொரு விடயத்துக்கு வருவோம். அயல்வீட்டுப் பிள்ளைக்கு ஐந்தாம் மாதத்திலேயே பல் முளைத்துவிட்டது. நம் பிள்ளைக்குப் பத்து மாதமாகியும் ஈறு வெறுமையாக இருக்கின்றது. உடனே உறவினருள் ஒருவர், "பிள்ளைக்கு ஏதோ குறை" என்று நாவிலே நஞ்சு தடவிப் பேசிவிடுவார். நான்காம் மாதத்திற்கும் பன்னிரண்டாம் மாதத்திற்கும் இடையில் எப்போதும் முதற் பல் முளைக்கலாம். பெரும்பாலும் கீழ்த்தாடையின் முன்பற்கள் இரண்டும் முதலில் வரும். பாற்பற்கள் இருபதும் நிரம்ப ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் செல்லும். பல் முளைக்கும்போது வாய்நீர் வடியும். பிள்ளை சற்றே சிணுங்கும். ஆனால் கடுங்காய்ச்சல் கண்டால் அதனைப் பல்லின் மேற் சுமத்திவிட்டு வாளாவிருத்தல் கூடாது. அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். வைத்தியரிடம் காட்டுதலே முறை.

நடையைப் பற்றிய ஒப்பீடு பல்லினும் கொடியது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நோர்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகள் நமக்கு ஆறுதல் தருவன. நலமுள்ள பிள்ளைகள் பிடியின்றித் தனியே நடக்கத் தொடங்கும் காலம் ஏறத்தாழ எட்டாம் மாதம் முதல் பதினேழரை மாதம் வரை பரந்து கிடக்கின்றது. ஒன்பதாம் மாதத்தில் நடந்த பிள்ளையும் பதினாறாம் மாதத்தில் நடந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படிக்கப்போகின்றவர்களே. இன்னுமொரு புதுமை: அவ்வாய்விலே நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் அளவில் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவேயில்லை. "தவழாத பிள்ளை நடவாது" என்போர் இதனைக் கவனிப்பாராக. குறைமாதத்திற் பிறந்த பிள்ளைக்கு, பிறந்த நாளை விடுத்து, பிறந்திருக்கவேண்டிய நாளிலிருந்தே மாதங்களைக் கணக்கிடல் வேண்டும்.

இதனாற் கவலையே வேண்டாம் என்பதன்று. ஒன்பது மாதம் கடந்தும் தானாக இருக்காத பிள்ளை, ஒன்றரை வயதாகியும் நடவாத பிள்ளை, பெயரைச் சொல்லி அழைத்தும் திரும்பாத பிள்ளை, முன்பு செய்துவந்ததை இடையில் மறந்துவிட்ட பிள்ளை ஆகியோரை நாட் கடத்தாமற் காட்டுக. வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலிற் கேளுங்கள், அயல்வீட்டு அக்காவிடமன்று. நேரத்தோடு கண்ட குறைகளுட் பலவற்றுக்குப் பரிகாரம் உண்டு. மாமியார் மனம் நோகும் என்று மறைத்துவைத்துக் காலம் கழித்தால் இழப்பவர் மாமியார் அல்லர்.

நம் முன்னோர் செய்வித்த மரத்து நடைவண்டி எழுந்து நிற்கக் கற்ற பிள்ளை பின்னே நின்று தள்ளுவது. இன்று கடைகளில் விற்கும் வண்டியோ நிற்கக் கல்லாத பிள்ளையை நடுவில் இருத்திச் சில்லிலே உருளவிடுவது. படிக்கட்டிலும் அடுப்பங்கரையிலும் அதனால் நேரும் விபத்துக்கள் கருதி, கனடா தேசம் 2004 ஆம் ஆண்டில் அதன் விற்பனையையே தடைசெய்துவிட்டது. நடையை விரைவுபடுத்தவும் அது உதவுவதில்லை. யாரேனும் பரிசாகத் தந்தால், நன்றி கூறிப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

பிள்ளை நடக்கத் தொடங்கியதும் வீட்டாருக்கு ஊர் சுற்றும் ஆசை பிறக்கும். வடபகுதியில் உள்ளோருக்கு யாம் முதலிற் கூறுவது புகையிரதப் பயணமே. அதற்குக் காரணம் உண்டு. 1956 ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய யாழ்தேவி எத்தனையோ குடும்பங்களைச் சுமந்த வண்டி. 1990 ஆம் ஆண்டுடன் யாழ்ப்பாணத்துக்கான பாதை அற்றுப்போயிற்று; தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியில் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீண்டது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளில் இங்கு பிறந்து வளர்ந்தோருட் பலர் படத்திலன்றிப் புகையிரதத்தைக் கண்டதில்லை. அவர்கள்தாம் இன்றைய இளந் தாய்தந்தையர். மகனுக்கு வண்டி காட்ட வந்த தகப்பன், வண்டி ஊதியதும் மகனை விட முந்திச் சாளரத்தால் எட்டிப்பார்த்தால் எவரும் நகைக்க வேண்டாம். அவர் பிள்ளைப் பருவத்துக் கடனொன்று அப்போதுதான் தீர்கின்றது.

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஏறத்தாழ பதினெட்டுக் கிலோமீற்றர் தூரமே. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். தோட்டமும் பனையும் செம்மண்ணும் மாறி மாறித் தோன்றும். சிறுவருக்கு இத்துணைத் தூரம் போதும். கொழும்புக்கு ஒரு நாட்பயணம் என்று தொடங்கினால் கொடிகாமத்திலேயே அழுகை கேட்கும். வண்டி செல்லும் நேரங்கள் மாறுவதுண்டாதலால் முதல்நாளே நிலையத்தில் விசாரித்துக்கொள்க. வண்டி ஓடும்போது வாசற் கதவுகள் திறந்தே கிடப்பதுண்டு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே நின்று காற்று வாங்குதல் ஆகாது.

உணவு விடயத்தில் ஒரு சொல். தேங்காய்ப்பால் சேர்ந்த எதுவும் நம்மூர் வெயிலிற் சில மணி நேரத்திலேயே கெடும். ஆதலின் சொதியை வீட்டில் விட்டுவிடுக. ரொட்டி, வாழைப்பழம், கொதித்தாறிய நீர் ஆகியவை போதும். மாற்றுடுப்பு ஒன்று என்று நினைப்பவர் இரண்டு எடுத்துச் செல்க.

காங்கேசன்துறையில் இறங்கினால் முச்சக்கர வண்டியிற் கீரிமலைக்குச் செல்லலாம். உப்புக் கடலின் ஓரத்திலேயே நன்னீர் ஊறும் அந்தக் கேணி பெரியோருக்கு வியப்பு. குதிரை முகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லியின் கதையை வழிநெடுகச் சொல்லிச் செல்லலாம். பிள்ளையோ கேணியைப் பார்க்கும் என்பது உறுதியில்லை. படியில் ஊரும் எறும்பையும் காகத்தையுமே அது அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடும். அதனை இழுத்துச் செல்லாதீர்கள். ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். நீரில் இறக்குவதாயின் மேற்படியில், கைப்பிடிக்குள்ளே மட்டும். ஆடி அமாவாசையன்று தீர்த்தமாடப் பெருஞ் சனம் கூடும். கைக்குழந்தையுள்ளோர் அன்று பெரியவர்களை மாத்திரம் அனுப்பிவிட்டு, கூட்டமில்லாத வேறொரு நாட் காலையிற் செல்க.