‘அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு’ன்னு நம்பி பைக் ஓட்டுறீங்களா?



புது பைக் எடுத்ததும் குன்றத்தூர் முருகன் கோயில்ல பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்து மேல சக்கரத்தை ஏத்தி, மாலையோட வீட்டுக்கு வந்திருப்பீங்க. “இன்சூரன்ஸ்?”னு யாராவது கேட்டா, “ஷோரூம்லயே அஞ்சு வருஷத்துக்குப் போட்டாச்சு”ன்னு சொல்வீங்க. அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி முதல் வருஷத்தோடவே முடிஞ்சிருக்கலாம்.

இந்த அஞ்சு வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது? சாலைப் பாதுகாப்புக்காக கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் பொதுநல வழக்கு தொடர்ந்தார். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில் ஓர் உத்தரவு போட்டது. அதன்படி 2018 செப்டம்பர் 1 முதல் புது டூவீலருக்கு 5 வருஷ தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம் ஆனது.

தேர்டு பார்ட்டின்னா, உங்க வண்டியால அடிபடுறவருக்கான பாதுகாப்பு. அவருக்கு நீதிமன்றம் விதிக்கிற இழப்பீட்டை கம்பெனி கொடுக்கும். அது இல்லாம ஓட்டினா முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம். ஆனா உங்க வண்டி திருடு போனாலோ, நொறுங்கினாலோ அதுல ஒரு ரூபாய்கூட வராது. அதுக்கு ‘ஓன் டேமேஜ்’ வேணும். ஷோரூம்ல போடும்போது அது பெரும்பாலும் ஒரே வருஷத்துக்குத்தான். பாலிசியில ரெண்டு முடிவுத் தேதி தனித்தனியா இருக்கும், பாருங்க.

ஒரகடம் கம்பெனி வாசல்ல நிறுத்தின வண்டி நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா இல்லைன்னு வைங்க. வண்டி போனாலும் இ.எம்.ஐ. நிக்காது. இல்லாத வண்டிக்கு மாசாமாசம் சம்பளத்துல பிடிப்பு போகும்.

மழையும் நமக்குப் புதுசு இல்லை. 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணி திறந்தாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல். வெள்ளச் சேதத்துக்கு ஓன் டேமேஜ்ல கிளெய்ம் உண்டு. ஆனா தண்ணியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனா, இன்ஜின் புரொடெக்ட் இல்லாதவங்களுக்கு மறுக்க வாய்ப்பு அதிகம். அதனால கிக் அடிக்காதீங்க. போட்டோ எடுங்க, கம்பெனிக்குச் சொல்லுங்க, தள்ளிட்டுப் போங்க.

சரி, என்ன எடுக்கலாம்? என் கருத்து இது.

இ.எம்.ஐ. ஓடுற வரைக்கும் ஓன் டேமேஜை விடவே விடாதீங்க. 2019 செப்டம்பர் முதல் அதைத் தனியாவே வாங்கலாம். அதே கம்பெனியில வாங்கணும்னும் இல்லை. ஏரி, ஆறு பக்கம் குடியிருந்தா இன்ஜின் புரொடெக்டும் சேருங்க.

விலையை மட்டும் பார்க்காதீங்க, ஐ.டி.வி.யைப் பாருங்க. வண்டி மொத்தமா போனா கிடைக்கிற அதிகபட்சத் தொகை அதுதான். வழக்கமான அட்டவணைப்படி, ஒரு வருஷம் தாண்டிய வண்டிக்கு 20%, ரெண்டு தாண்டினா 30% கழிவு. லட்ச ரூபாய் வண்டின்னா 80,000, அப்புறம் 70,000. அதுக்கும் ரொம்பக் கீழே காட்டி பிரீமியத்தைக் குறைச்சா, அந்த நஷ்டம் உங்க தலையில.

ஜீரோ டெப் எதுக்கு? பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களை மாத்தினா சாதாரண பாலிசி பாதி விலைதான் தரும். முதல் ரெண்டு மூணு வருஷம் அது இருந்தா நல்லது.

கிளெய்ம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20%, அப்படியே அஞ்சு வருஷம் போனா 50% வரை போனஸ் தள்ளுபடி உண்டு. பாலிசி முடிஞ்சு 90 நாள் தாண்டினா அத்தனையும் போயிடும்.

உங்க உயிருக்கு? ஓட்டுற உரிமையாளருக்கு 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கான்னும், எந்தத் தேதி வரைக்கும்னும் பாருங்க. லைசன்ஸ் செல்லுபடியா இருக்கணும்.

பத்து வருஷப் பழைய வண்டியா? ஓன் டேமேஜை விட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன். தேர்டு பார்ட்டியையும் விபத்துக் காப்பீட்டையும் மட்டும் விடாதீங்க.

இன்னைக்கு ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ல உட்கார்ந்ததும் மொபைல்ல பாலிசியைத் திறங்க. ஓன் டேமேஜ் முடியிற தேதியைப் பார்த்து, அதுக்கு ஒரு மாசம் முன்னாடி ரிமைண்டர் போடுங்க. ஏற்கெனவே முடிஞ்சிருந்தா, வண்டியை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்டச் சொல்லலாம். காட்டிட்டு, இந்த வாரமே எடுத்துடுங்க.