பல் சொன்னால் போதுமா?

அடையாளம் தெரியாத ஒரு எலும்புக்கூடு கிடைத்தால் முதலில் எழும் கேள்வி, ஆணா பெண்ணா என்பதுதான். இடுப்பெலும்பு முழுசாக இருந்தால் பெரும்பாலும் சரியான பதில் கிடைத்துவிடும். தீ விபத்திலோ வெடி விபத்திலோ உடல் சிதைந்துவிட்டால்? பல நேரம் மிஞ்சுவது பல்தான். மனித உடம்பிலேயே கடினமான பொருள் பல்லின் எனாமல்.

அந்தப் பல்லை அளந்தே ஆணா பெண்ணா என்று கணிக்கும் முறை ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் அச்செடுத்து காலிப்பரால் அளந்தார்கள். இப்போது கோன் பீம் சி.டி. என்ற முப்பரிமாண எக்ஸ்ரே வந்துவிட்டது. பல்லின் அகலம், வேரின் நீளம், உள்ளே இருக்கும் பல்கூழின் கன அளவு என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் திரையிலேயே அளக்கலாம்.

இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. பருவம் வராத குழந்தைகளின் எலும்பில் ஆண், பெண் வித்தியாசம் சரியாகத் தெரியாது. ஆனால் நிலையான கோரைப்பல்லின் மேற்பகுதி ஏழு வயதுவாக்கிலேயே தாடைக்குள் உருவாகிவிடும். முளைக்காத அந்தப் பல்லையும் ஸ்கேன் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாம் சரி, நம்பலாமா? இங்கேதான் சிக்கல். சராசரியாக ஆண்களின் பல் கொஞ்சம் பெரிது. வித்தியாசம் அதிகமாகத் தெரிவது கோரைப்பல்லில். அதிலும் அகலத்தில் அரை மில்லிமீட்டர்கூட வராது. உயரத்தைப் போலத்தான் இதுவும். சராசரியில் ஆண்கள் உயரம். ஆனால் எந்த வகுப்பிலும் பையன்களைவிட உயரமான பெண்கள் உண்டே! ஸ்கேன் படத்தின் ஒரு புள்ளியே 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருந்தால், அளப்பதில் வரும் பிழையே அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

1989-இல் இந்திய ஆய்வாளர்கள் 'கீழ்த்தாடைக் கோரைப்பல் குறியீடு' என்று ஒன்றை முன்வைத்தார்கள். கோரைப்பல்லின் அகலத்தை, இரண்டு கோரைப்பற்களுக்கும் இடைப்பட்ட தூரத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். பலரும் பயன்படுத்தினார்கள். 2009-இல் வந்த இன்னொரு ஆய்வு அதன் ஓட்டையைச் சுட்டிக்காட்டியது. ஆண்களுக்குப் பல்லும் பெரிது, அந்தத் தூரமும் அதிகம். வகுத்தால் இரண்டும் அடிபட்டு, தேடிய வித்தியாசமே காணாமல் போய்விடுகிறது!

தவறாக ஒட்டிய லேபிள் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு ஸ்பெயினில் ஒரு உதாரணம் உண்டு. செவில் நகருக்கு அருகே வாலென்சினாவில், யானைத் தந்தத்தோடு புதைக்கப்பட்ட சுமார் 5,000 ஆண்டுப் பழைய எலும்புக்கூடு 2008-இல் கிடைத்தது. இளைஞன் என்றார்கள், 'தந்த மனிதன்' என்று பெயரும் வைத்தார்கள். 2023-இல் உண்மை வெளிவந்தது: அவர் ஒரு பெண். அதைச் சொன்னதும் பல்தான். ஆனால் பல்லின் அளவு அல்ல, எனாமலுக்குள் இருந்த அமெலோஜெனின் என்ற புரதம்.

அந்தப் பெண்ணால் 15 வருடம் காத்திருக்க முடிந்தது. விபத்தில் காணாமல் போனவரின் வீட்டார் காத்திருக்க முடியுமா? ஆணின் பல்லைப் பார்த்துப் 'பெண்' என்று எழுதிவிட்டால், காணாமல் போன ஆண்களின் பட்டியலை யாரும் புரட்டப் போவதில்லை. நூற்றுக்கு 75 சரி என்றால் கேட்க நன்றாக இருக்கும். காசைச் சுண்டினாலே 50 சரியாக வரும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மீதி 25 பேரும் யாரோ ஒருவரின் பிள்ளைகள்.

ஆகவே ஸ்கேன் வேண்டும், அளவும் வேண்டும். ஆனால் அறிக்கையில் 'ஆண்', 'பெண்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் போதாது. எத்தனை சதவீத வாய்ப்பு, எந்த ஊர் மக்களின் அளவோடு ஒப்பிட்டது என்பதும் இருக்க வேண்டும். முக்கியமாக, 'சொல்ல முடியவில்லை' என்று எழுத ஒரு கட்டமும் வேண்டும். டி.என்.ஏ. முடிவு வரும்வரை எல்லாப் பட்டியலையும் திறந்து வைத்திருக்க அந்த ஒரு கட்டம் போதும்.