13 குமாவோன்: ஒரு கம்பெனியின் கடைசிச் சண்டையும் ‘அஹிர் ரெஜிமென்ட்’ கோரிக்கையும்

ஃபர்ஹான் அக்தர் நடித்த ‘120 பகதூர்’ 2025 நவம்பரில் வெளியானது. படம் வருவதற்கு முன்பே ஹரியானாவில் போராட்டம் தொடங்கிவிட்டது. தலைப்பில் ‘அஹிர்’ என்ற பெயர் வேண்டும் என்று கேட்டார்கள், உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 1962-ல் நடந்த ஒரு சண்டைக்கு இப்போது ஏன் இவ்வளவு சூடு?

முதல்ல, பட்டாலியன்னா என்ன?

காலாட்படையில் ஒரு பட்டாலியன் என்பது சுமார் 800 பேர். அதற்குள் பல கம்பெனிகள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 120 பேர். பல பட்டாலியன்கள் சேர்ந்தது ரெஜிமென்ட். சிப்பாய் ஒருவர் பெரும்பாலும் ஒரே பட்டாலியனிலேயே பணிக்காலத்தைக் கழிப்பார். அதனால் அவருக்கு அதுதான் குடும்பம். அதன் பழைய வெற்றி, இழப்பு எல்லாம் அவருக்கும் சொந்தம்.

13 குமாவோன் 1948-ல் உருவானது. ரெஜிமென்ட்டின் பெயர் இன்றைய உத்தராகண்டின் மலைப்பகுதியைக் குறிக்கும். ஆனால் இந்தப் பட்டாலியனின் சார்லி கம்பெனி முழுக்க அஹிர்கள், அதாவது யாதவர்கள். ரேவாரி, குர்கான் வட்டாரத்துச் சமவெளி விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகள். இன்றைய சிக்கலின் வேர் இங்கேதான்.

ரெசாங் லாவில் என்ன நடந்தது?

லடாக்கில் சுஷுல் விமான தளத்தைக் காக்க, 16,000 அடிக்கு மேல் இருந்த ரெசாங் லா கணவாய் சார்லி கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. இடையில் மலை மறைத்ததால் இந்திய பீரங்கிகளின் உதவி கிடைக்காது. கையில் பழைய .303 ரைபிள்கள். கடுங்குளிர் வேறு.

1962 நவம்பர் 18 அதிகாலையில் சீனப் படை அலை அலையாக வந்தது. கம்பெனியை வழிநடத்திய மேஜர் ஷைத்தான் சிங், ஜோத்பூர் பகுதியைச் சேர்ந்த ராஜபுத்திரர். காயமடைந்த பிறகும் நிலைக்கு நிலை நகர்ந்து கட்டளையிட்டார். தன்னைத் தூக்கிச் சென்றவர்களிடம், விட்டுவிட்டுப் போகச் சொன்னார். யாரும் நிலையைக் காலி செய்யவில்லை. 120 பேரில் 110 முதல் 114 பேர் இறந்ததாக ஆவணங்கள் சொல்கின்றன.

உயிர் தப்பிய சிலர் சொன்னதை முதலில் பலர் நம்பவில்லை. 1963 பிப்ரவரியில் பனிக்கிடையே உடல்கள் கிடைத்தன. பதுங்குகுழிகளில், ஆயுதம் பிடித்த கையோடு உறைந்திருந்தார்கள். சந்தேகம் அங்கே முடிந்தது. ஷைத்தான் சிங்குக்கு இறப்புக்குப் பின் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. அந்தக் கம்பெனி ‘ரெசாங் லா கம்பெனி’ ஆனது.

அப்புறம் ஏன் தனி ரெஜிமென்ட் கேட்கிறார்கள்?

ஜாட், ராஜ்புத், டோக்ரா, சீக்கியர் பெயரிலெல்லாம் ரெஜிமென்ட் இருக்கிறது. ரெசாங் லாவில் உயிரைக் கொடுத்த எங்கள் பெயரில் ஏன் இல்லை என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயம் இருக்கிறது.

அரசின் பதிலும் தெளிவு: சாதி, மதம், வட்டாரம் பார்த்துப் புதிய ரெஜிமென்ட் கிடையாது. பழைய பெயர்கள் பிரிட்டிஷ் காலத்து மிச்சம். 1857 கிளர்ச்சிக்குப் பின் வலுப்பெற்ற ‘போர்க்குடி’ கோட்பாடு, சில சமூகங்கள்தான் சண்டைக்கு லாயக்கு என்றது. அதனால் அடிபட்டவர்களில் தென்னிந்தியர்களும் உண்டு. மதராஸ் காலாட்படை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1920-களில் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்ட பிறகுதான் மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுந்தது.

இனி என்ன?

1949-லேயே எல்லாச் சமூகத்தவரும் கலந்த கார்ட்ஸ் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. 2022-ல் வந்த அக்னிபத் திட்டமும் ‘அகில இந்திய, அனைத்துப் பிரிவு’ சேர்க்கையைத்தான் பேசுகிறது. காற்று அடிக்கும் திசை இதுதான். புதிய சாதிப் பெயருக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் பழைய பெயர்கள் அப்படியே இருக்கும்வரை கோரிக்கையும் ஓயாது. அந்தக் கணவாயில் ஒரு ராஜபுத்திர அதிகாரியும், அஹிர் சிப்பாய்களும், குமாவோன் என்ற பெயரின் கீழ் ஒன்றாகச் செத்தார்கள். ‘எல்லோருக்கும் பொது’ என்று அரசு சொல்வதற்கு அதைவிட வலுவான சான்று இல்லை. ‘எங்கள் பெயரைச் சொல்லுங்கள்’ என்று அந்தக் கிராமங்கள் கேட்பதற்கும் அதைவிட வலுவான சான்று இல்லை.