படம் தெரியாவிட்டால் ஃபைல் கெட்டதாகிவிடுமா?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை தாலுகாக்களிலும் வாழும் தமிழர்களுக்குத் தமிழில் ஓர் அழைப்பிதழோ அறிவிப்போ அச்சாவது வெறும் காகித விஷயமல்ல. 1956ல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது இப்பகுதிகள் கேரளத்தில் அமைந்தன. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தங்கள் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தவும், அதே மொழியில் பதில் பெறவும் 1969ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தந்தது. சட்டப் புத்தகத்தில் தமிழுக்கு இடம் இருக்கிறது. அச்சுக்கடையின் கம்ப்யூட்டர் திரையில் அந்தத் தமிழ் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதுதான் இன்றைய கேள்வி.

கேள்வி அற்பமாகத் தோன்றலாம். அதனால் வீணாகும் நேரமும் கூலியும் அற்பமல்ல. தோட்டத் தொழிலாளியின் மகள் ஒருத்தி, பள்ளியில் கற்ற வித்தையைக் கொண்டு ஊர்த் திருவிழாவுக்கோ சங்கக் கூட்டத்துக்கோ ஒரு போஸ்டர் வரைகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பென் டிரைவில் அதைப் போட்டுக்கொண்டு தகப்பனார் எஸ்டேட்டிலிருந்து பஸ் பிடித்து டவுனுக்கு இறங்குகிறார். கடைக்காரர் போல்டரைத் திறக்கிறார். மற்றப் படங்களெல்லாம் சிறிய உருவத்தில் பளிச்சென்று தெரிகின்றன. இந்த ஃபைலுக்கு மட்டும் இணைய உலாவியின் சின்னம் நிற்கிறது. "ஃபைல் கெட்டுப்போச்சு அண்ணாச்சி, ஜேபெக்கில் போட்டுக்கொண்டு வாங்க" என்று பதில் வருகிறது. ஒரு நாள் கூலி போயிற்று.

உண்மையில் ஃபைல் கெடவில்லை. கம்ப்யூட்டரில் படங்கள் இரு வகை. ஜேபெக் போன்றவை புள்ளிகளால் ஆனவை. கோலத்துப் புள்ளிகளைப் போலக் கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்பப்பட்டவை. வெக்டர் எனப்படும் இரண்டாவது வகையில் படமே கிடையாது. படத்தை எப்படி வரைய வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே உண்டு. இங்கிருந்து அங்கே ஒரு கோடு, இத்தனை அகலத்தில் ஒரு வட்டம், இன்ன எழுத்துருவில் இன்ன சொல் என்று எழுதி வைத்திருக்கும். அதனால்தான் விசிட்டிங் கார்டு அளவில் வரைந்ததைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறடிப்பதில்லை. இந்த வகைக்கு உலகப் பொதுவான வடிவம் எஸ்.வி.ஜி. டபிள்யூ3சி என்ற இணையத் தர அமைப்பு 2001 செப்டம்பரில் அதை வெளியிட்டது.

புள்ளிப் படத்தைச் சுருக்கிக் காட்டுவது எளிது. குறிப்பு ஃபைலையோ, படித்து, வரைந்து, பிறகுதான் காட்ட முடியும். அந்த வேலையைச் செய்யும் துணை நிரல் கம்ப்யூட்டரில் இருந்தால் படம் தெரியும். இல்லாவிட்டால் சின்னம் மட்டும் தெரியும். குறை காட்டும் கண்ணாடியிலே இருக்க, முகத்தைப் பழிப்பது நியாயமா?

இந்த விஷயத்தில் எல்லைப்புறத் தமிழருக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. கேரள அரசுப் பள்ளிகளில் 2001ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், 2017ல் கைட் என்ற அரசு நிறுவனமாக உருவெடுத்தது. அப்பள்ளிகளில் ஓடுவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட, காசில்லாத லினக்ஸ். வெக்டர் படம் வரைவதற்கு அங்கே மாணவர்கள் பழகுவது இங்க்ஸ்கேப். அது சேமிப்பது எஸ்.வி.ஜி. வடிவில்தான். லினக்ஸின் கோப்பு மேலாளரில் எஸ்.வி.ஜி. படம் திறக்காமலே சிறு உருவில் தெரிந்துவிடும். ஆனால் அச்சுக்கடைகளில் பெரும்பாலும் இருப்பது விண்டோஸ். அதன் எக்ஸ்புளோரர் எஸ்.வி.ஜி. படத்தைத் தானாகக் காட்டுவதில்லை. பள்ளியில் முகம் காட்டிய படம் கடைத்தெருவில் முக்காடு போட்டுக்கொள்கிறது. பிள்ளை கற்றது வீணோ என்று பெற்றோர் மயங்குகிறார்கள்.

திறந்து பார்த்தால் ஆயிற்று, சிறுபடம் எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு கிளார்க்கின் நாற்காலியில் அரை நாள் உட்கார்ந்து பார்க்கலாம். "நோட்டீஸ்1", "நோட்டீஸ் புதுசு", "நோட்டீஸ் கடைசி", "நோட்டீஸ் கடைசி திருத்தியது" என்று ஒரே போல்டரில் நாற்பது ஃபைல்கள் கிடக்கும். ஒவ்வொன்றையும் திறந்து மூடுவதற்குள் மதியம் ஆகிவிடும். அவசரத்தில் திருத்தாத பிரதி அச்சுக்குப் போய்விட்டால் காகிதச் செலவு யார் தலையில்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். சிறுபடம் அந்த ஒரு சோறு.

தமிழுக்கு இதில் கூடுதல் அக்கறை உண்டு. வெக்டர் ஃபைலில் எழுத்து பெரும்பாலும் எழுத்தாகவே இருக்கும்; எழுத்துருவின் பெயர் மட்டும் பக்கத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு அடுத்த கம்ப்யூட்டரில் இல்லையென்றால் வேறொன்று அந்த இடத்தில் வந்து உட்காரும். யூனிகோடு தமிழானால் வடிவம் மாறினாலும் பெரும்பாலும் படிக்க முடியும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததானால் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பை தெரியும். போல்டரிலேயே அது கண்ணில் பட்டால் ஆயிரம் பிரதி ஓடுவதற்கு முன் தடுத்துவிடலாம். தமிழ் படிக்கத் தெரியாத பணியாளர் மிஷினை இயக்கும் கடையில் இந்த எச்சரிக்கையின் மதிப்பு இன்னும் அதிகம்.

ஆனால் ஒன்று: சிறுபடம் சாட்சிதான், தீர்ப்பல்ல. ஒற்றெழுத்துப் பிழை அந்த அளவில் தெரியாது. அச்சுக்கு முன் ஃபைலை முழு அளவில் திறந்து, தமிழ் தெரிந்தவர் ஒருவர் படித்தே ஆகவேண்டும்.

எஸ்.வி.ஜி. ஆபத்தானது என்று சிலர் சொல்வதையும் முற்றாகத் தள்ள முடியாது. அந்த ஃபைலுக்குள் உலாவியில் இயங்கும் கட்டளைகளையும் ஒளித்து வைக்கலாம். மோசடிக்காரர்கள் மின்னஞ்சலில் அப்படி அனுப்புவதுண்டு. இணையத்திலிருந்து இறக்கிய ஃபைல்களுக்கு முன்தோற்றப் பலகத்தில் படம் காட்டுவதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரில் நிறுத்தியதும் பாதுகாப்பு கருதித்தான். ஆகவே முகம் தெரியாதவர் அனுப்பிய ஃபைலைத் தொடாமல் இருப்பதே நலம். அதற்காக எதிரே நிற்கும் வாடிக்கையாளரின் பென் டிரைவில் இருக்கும் போஸ்டரைக் கெட்டது என்று முத்திரை குத்தவேண்டியதில்லை.

பரிகாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பவர்டாய்ஸ் என்ற தொகுப்பை இலவசமாகத் தருகிறது. அதை நிறுவி, எக்ஸ்புளோரருக்கான துணை வசதிகளில் எஸ்.வி.ஜி. சிறுபடத்தை இயக்கிவிட்டால் விண்டோஸிலும் படம் தெரியும். போல்டர் அமைப்பில் "எப்போதும் சின்னத்தை மட்டும் காட்டு" என்ற கட்டத்தில் டிக் இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். இதற்கும் நேரமில்லை என்றால் ஃபைலை உலாவியிலேயே திறந்து பார்க்கலாம். கோரல் டிராவும் எஸ்.வி.ஜி.யை உள்வாங்கும். கடையிலேயே சாவி இருக்கையில் வாடிக்கையாளரை மலையேற்றித் திருப்பி அனுப்புவானேன்?

கொண்டு போகிறவர்களுக்கும் கடமை உண்டு. எஸ்.வி.ஜி.யோடு அதே பெயரில் ஒரு பி.டி.எஃப். பிரதியும் எடுத்துப்போவது நல்லது. பொதுவாக அதில் எழுத்துருவும் கூடவே பொதிந்திருக்கும். எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிய ஒரு பிரதி இருந்தால் எழுத்துரு இல்லாத கடையிலும் தமிழ் சிதையாது. ஆனால் கோடான எழுத்தில் பிழை திருத்துவது கடினம். மூலப் பிரதியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஃபைலுக்குத் தேதியோடு தெளிவான பெயரும் வேண்டும்.

பள்ளிகளும் அரசும் தங்கள் பங்கைச் செய்யவேண்டும். படம் வரையக் கற்றுத் தரும் பாடம், அந்தப் படத்தை அச்சுக்கடை வரை கொண்டு சேர்க்கும் வழியையும் சொல்லித் தந்தால்தான் முழுமை பெறும். அக்ஷயா மையங்களிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் இந்தச் சிறு வசதியை அமைத்துத் தர நிதி ஒதுக்கீடு தேவையில்லை. பத்து நிமிடமும் மனமும் போதும்.

எல்லையோரத் தமிழ்ப் பிள்ளையின் கைவேலை ஒரு சின்னத்துக்குப் பின்னால் மறைந்து கிடக்கக் கூடாது. படம் தெரியவில்லை என்பதும் படம் இல்லை என்பதும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைக் கடைக்காரரும் கிளார்க்கும் உணர்ந்தாலே, தமிழ் நோட்டீஸ்கள் பல தடையின்றிச் சுவரேறும்.