கடைசிக் குழாயில் எவ்வளவு குளோரின்?

பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலையில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையைப் பார்த்திருக்கிறீர்களா? இரவெல்லாம் பக்தர்கள் நடந்துபோன 14 கிலோமீட்டரிலும் தொன்னை, காகிதக் கப், சோறு ஒட்டிய தட்டு, அறுந்த செருப்பு என்று இறைந்து கிடக்கும். வெயில் ஏறுவதற்குள் அத்தனையும் காணாமல் போய்விடும். துடைப்பமும் தள்ளுவண்டியுமாக வருகிறவர்களில் பெண்களே அதிகம். அவர்களுக்குப் பின்னால் சாலையோரத்தில் வெள்ளைக் கோடாக ப்ளீச்சிங் பவுடர் விழுந்துகொண்டே வரும்.

உள்ளாட்சிகளும் பொதுச் சுகாதாரமும் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வுக்காக அப்படி ஒரு காலையில் அங்கே இருந்தேன். டீ குடிக்க உட்கார்ந்த ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். வீடு வெளியூரில் ஒரு கிராமத்துக் காலனியில். கூட்ட நாட்களில் வேனில் ஏற்றி அழைத்து வருவார்களாம். கையுறை கொடுக்கிறார்களா, கூலி எவ்வளவு என்று நான் கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவர், கடைசியில் நான் கேட்காத ஒன்றைச் சொன்னார்: "இங்க கொட்டற பவுடர்ல ஒரு படி எங்க டேங்குல போட்டா போதும் கண்ணு. எங்க கொழாய்ல சாக்கட நாத்தந்தான் வருது."

ஊரைச் சுத்தம் செய்கிறவரின் வீட்டுக் குழாயில் சாக்கடை நாற்றம். இதை ஏதோ ஒரு ஊராட்சியின் கவனக்குறைவு என்று கடந்துபோய்விடலாம். என்னால் முடியவில்லை. காரணம், நானும் அப்படிப்பட்ட ஒரு குழாயின் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள்.

திருவிழாக்களுக்குச் செய்யப்படும் சுகாதார ஏற்பாடுகளை நான் குறை சொல்லவில்லை. கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் குளோரின் கலந்த குடிநீர்த் தொட்டிகள், தற்காலிகக் கழிப்பறைகள், மருத்துவ முகாம்கள் எல்லாம் வந்துவிடுகின்றன. அன்னதானம் போடவே உணவுப் பாதுகாப்புத் துறையிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கெல்லாம் நீண்ட வரலாறு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் காலரா பரவிய முக்கியமான வழிகளில் ஒன்று புனித யாத்திரை. குளத்திலும் ஆற்றிலும் நோயை வாங்கிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போனார்கள். அதனால்தான் 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயமே இருக்கிறது. இந்தியாவில் இப்படியொரு விரிவான சட்டத்தை முதலில் இயற்றியது இந்த மாகாணம்தான். தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறையைப் பிற மாநிலங்கள் முன்மாதிரியாகப் பார்ப்பதற்கு இந்த மரபும் ஒரு காரணம்.

ஆக, நம் அரசுக்கு வேலை தெரியும். சில நாட்களில் லட்சக்கணக்கானவர்களுக்குச் சுத்தமான தண்ணீர் கொடுக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, நாற்பது வீடுகள் உள்ள ஒரு காலனிக்கு வருடம் முழுவதும் கொடுக்கத் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

சரி, அந்தக் காலனிக்கு என்ன தண்ணீர் வருகிறது? அடுத்த மாதம் குளோரோஸ்கோப் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த அக்காவின் தெருவுக்குப் போனேன். சுகாதார ஆய்வாளர்கள் பயன்படுத்தும் எளிய கருவி இது. சிறு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, சில சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். அந்த மஞ்சளைப் பக்கத்தில் உள்ள நிற அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும். குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். தொட்டியில் இருந்தால் மட்டும் போதாது. குழாயில் போகப் போகக் குளோரின் குறையும். அதனால் வரிசையின் கடைசிக் குழாயிலும் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் தண்ணீர் நன்றாக மஞ்சளானது. காலனியின் கடைசிக் குழாயில் நிறம் மாறவே இல்லை. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார்: "மஞ்சளாவலன்னா நல்ல தண்ணின்னுதான அர்த்தம்?"

இல்லை அக்கா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னேன்.

கடைசிக் குழாய் ஏன் எப்போதும் நம் தெருவில் இருக்கிறது என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். ஊரின் மேட்டில் தொட்டி, தாழ்வில் சேரி. ஊர்த்தெருவின் சாக்கடை வந்து தேங்கும் இடமும் அதே தாழ்வுதான். குழாய் சில இடங்களில் அந்தச் சாக்கடையைக் கடந்துதான் வருகிறது. தண்ணீர் திறந்திருக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் உள்ளேயிருந்து வெளியே கசியும். நிறுத்தியதும் அழுத்தம் விழுந்துவிடும். அப்போது விரிசல் விட்ட இணைப்புகளின் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே உறிஞ்சப்படும். மறுநாள் திறந்ததும் முதலில் வருவது அந்தத் தண்ணீர்தான். இதில் இயற்பியல் ஒரு பாதி. சேரி எங்கே இருக்க வேண்டும் என்று ஊர் எடுத்த முடிவு மறுபாதி.

என் பள்ளிக் காலத்தில் எங்கள் தெருவில் ஒரே மாதத்தில் நான்கு பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அதில் ஒருவன் என் தம்பி. பாட்டி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். அவன் அந்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதவில்லை. விவரம் தெரிந்து அதிகாரிகள் வந்தார்கள். சாக்கடையோரம் பவுடர் தூவினார்கள். எங்களை உட்காரவைத்து, கை கழுவ வேண்டும், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும் என்று பாடம் எடுத்தார்கள். குழாய்த் தண்ணீரை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. நோய்க்குக் காரணம் எங்கள் பழக்கம் என்று அவர்கள் வரும்போதே முடிவு செய்திருந்தார்கள். நாங்களும் அதை நம்பினோம். அந்த அவமானம்தான் காமாலையைவிட அதிக நாள் எங்களோடு இருந்தது.

சாதிச் சமூகத்தில் சுத்தம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. 1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். குளம் தீட்டுப்பட்டுவிட்டதென்று சாதி இந்துக்கள் அதைச் சுத்திகரித்தார்கள். எதைக் கொண்டு? மாட்டுச் சாணம், மூத்திரம், பால், தயிர் கலந்த குடங்களை மந்திரம் சொல்லிக் குளத்தில் கொட்டி! தண்ணீரைக் கெடுக்கும் பொருளைக் கொட்டிச் சுத்தம் என்றார்கள். சுகாதாரம் என்பது இந்தத் தீட்டுச் சுத்தத்துக்கு நேர் எதிரானது. கிருமிக்குச் சாதி கிடையாது, எல்லாத் தண்ணீரையும் ஒரே அளவுகோலில் அள என்று சொல்லும் அறிவியல் அது. அளக்கப் போகும் கால்கள் ஊர்த்தெருவோடு நின்றுவிட்டால் அந்த அறிவியலும் தீட்டுப் பார்ப்பதாகிவிடும்.

இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் நம் உரிமையை அரசாணையாக்க வைத்தார். கிணற்றில் தீண்டாமை கண்ணுக்குத் தெரிந்தது, போராட முடிந்தது. குழாய் வந்ததும் அது மண்ணுக்கடியில் போய்விட்டது. ஊருக்கு ஒரு தொட்டி, காலனிக்கு ஒரு தொட்டி என்பதை வசதி என்று நாமே ஏற்றுக்கொண்டோம்.

தனித் தொட்டி என்னவாகும் என்பதை 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பார்த்தோம். குழந்தைகளுக்கு அடுத்தடுத்து உடம்பு சரியில்லாமல் போனது. தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொன்ன பிறகு தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். தலித் குடும்பங்கள் குடிக்கும் தண்ணீரில் மலம். அதன் பிறகு சிபிசிஐடி, டிஎன்ஏ பரிசோதனை என்று வருடங்கள் ஓடின. 2025 ஜனவரியில் வேங்கைவயலைச் சேர்ந்த மூவரையே குற்றவாளிகளாக்கிக் குற்றப்பத்திரிகை வந்தது. அந்த மக்களும் சாதி ஒழிப்பு இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. அந்த நீதிக்கான போராட்டம் தனி. இங்கே நான் சொல்ல வருவது வேறு. தண்ணீரில் கழிவு கலந்தால் அது குளோரினைத் தின்றுவிடும், அளவு சரியும். நாள்தோறும் அளந்து பார்க்கிற இடத்தில் கருவி எச்சரிக்கும். வேங்கைவயலில் எச்சரித்தது குழந்தைகளின் வயிறு.

அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரக் கதை நமக்கு உதவும். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த ஊருக்கு 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்கத் தண்ணீரின் மூலத்தை மாற்றினார்கள். பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் இறங்கியது. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று அதிகாரிகள் சாதித்தார்கள். மக்கள் தங்கள் வீட்டுக் குழாய்களில் தாங்களே தண்ணீர் பிடித்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அனுப்பினார்கள். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை ஒரு குழந்தை மருத்துவர் காட்டினார். கையில் அளவு இருந்ததால்தான் அரசால் மறுக்க முடியாமல் போனது.

நம்மிடமும் அளவு இருக்க வேண்டும். 2023 ஜனவரி 30 அன்று இதே திருவண்ணாமலை மாவட்டத்தின் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனபோது நாடே பார்த்தது. பார்க்க வேண்டிய காட்சிதான். கோயில் கதவுக்குக் கொடுக்கும் கவனத்தில் ஒரு பங்கைக் குழாய்க்கும் கொடுப்போம் என்பதுதான் என் வேண்டுகோள்.

செய்யக்கூடியவை பெரிதாக ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு முறை கிராமசபை கூட வேண்டும். அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்று எழுந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்கள் காலனியின் கடைசிக் குழாயில் குளோரின் அளவு என்ன? கடைசியாக எந்தத் தேதியில் அளந்தீர்கள்? தெருவாரியாக அந்த அளவை ஏன் பலகையில் எழுதக் கூடாது? ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமங்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டி கொடுத்து, அதைப் பயன்படுத்தப் பெண்களுக்குப் பயிற்சியும் தர வேண்டும். உங்கள் ஊர்ப் பெட்டி யாரிடம் இருக்கிறது, அது காலனிக்கு வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மருந்து தீர்ந்துவிட்டது, ஆள் இல்லை என்று பதில் வந்தாலும் அதை எழுத்தில் வாங்குங்கள். போராட்டத்துக்கு அதுவும் ஆவணம்.

ஆள் இல்லை என்பதில் உண்மையும் உண்டு. நிரந்தரப் பணியிடங்களை ஒப்பந்தமாக்கிக்கொண்டே போகிற அரசுதான் 2020-இல் துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் ஆக்கியது. ஆட்சி மாறியது, ஒப்பந்தம் மாறவில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகைக்கு முன்னால் 13 நாள் உட்கார்ந்திருந்த பணியாளர்களை நள்ளிரவில் போலீசைக் கொண்டு அப்புறப்படுத்தினார்கள். பெயரில் தூய்மை வந்துவிட்டது. வேலைக்குப் பாதுகாப்பும் வீட்டுக் குழாய்க்குக் குளோரினும் வரவில்லை.

அந்த அக்கா அடுத்த பௌர்ணமிக்கும் திருவண்ணாமலைக்கு வேனில் வந்திருப்பார். பாதை வழக்கம்போல எட்டு மணிக்குள் பளிச்சென்று ஆகியிருக்கும். அவர் தெருவில் நான் எடுத்த அளவை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அவரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த கிராமசபைக்கு அதை எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார். "தனியா போனா பேச வுட மாட்டாங்க, நாலு பேரா போறோம்" என்றார். உங்கள் ஊரிலும் நாலு பேர் போங்கள்.